நாணல் நட்ட வாசல்

ஜூலை மாதக் கடைசிச் சனிக்கிழமை நானும் அப்பாவும் சமையலறை அடுப்பின் புகைக்குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அவரை ஏணியில் ஏற நான் விடவில்லை. மேலே நின்று குழாயைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கொடுத்தேன். அவர் கீழே அதைக் கோணிப்பையின் வாய்க்குள் நுழைத்து விறகுக்கட்டையால் தட்டினார். மூக்கையும் வாயையும் மூடித் துணி கட்டியிருந்தார். தொப்பியெல்லாம் கரி.

"எவ்வளவுப்பா இருக்கு?"

"அரைப் பை. இது குழாய்லயே இருந்திருந்தா புகை எங்க போயிருக்கும்? நம்ம நெஞ்சுக்குத்தான்."

"உங்க நெஞ்சுல ஏற்கெனவே எடமில்ல."

"அதான் சொல்றேன். புதுசா யாரும் குடியேற வேண்டாம்னு."

என் அப்பா லெபோனா இருபத்தேழு வருஷம் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நுரையீரலில் கல்தூசி. இரண்டு முறை காசநோய் வந்து குணமானவர். வயது அறுபத்தாறு. நான் வெல்கோமில் ஒரு சுரங்கத்தில் காற்றோட்டம் அளக்கும் டெக்னீஷியன். எந்தச் சுரங்கப் பாதையில் நிமிடத்துக்கு எவ்வளவு காற்று போகிறது என்று கருவி வைத்து அளந்து எழுதுவது என் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை க்வாக்வாவுக்கு, அப்பா வீட்டுக்கு, வருவேன். என் பிள்ளைகள் கரபோவும் புசோவும் அவரோடுதான் இருந்தார்கள். கரபோவுக்கு ஒன்பது வயது, புசோவுக்கு ஆறு.

அந்த வருஷம் என் தங்கை மோசாவும் பிரசவத்துக்கு அங்கே வந்திருந்தாள். அவள் கணவனுக்கு செகுண்டாவில் வேலை. இரண்டு வருஷம் முன்பு அவளுக்குப் பிறந்த முதல் குழந்தை நான்காம் மாதத்தில், குளிர்காலத்தில், நெஞ்சுச் சளியில் போய்விட்டது. நான்கு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். இந்தக் குழந்தை மே கடைசியில் பிறந்தது. ஆறு வாரம் முன்னதாக. எடை ஒரு கிலோ தொள்ளாயிரம். மூன்று வாரம் மருத்துவமனையில் தாயின் நெஞ்சோடு கட்டி வைத்துக் காப்பாற்றி அனுப்பினார்கள். அனுப்பும்போது மருத்துவர் மோசாவிடம் பேசவில்லை, அப்பாவிடம்தான் பேசினார். வீட்டில் யாருக்கும் ஃப்ளூ வரக்கூடாது, வந்தால் குழந்தைப் பக்கம் போகக்கூடாது, குளிர்காலம் முடியும் செப்டம்பர் வரைக்கும் தாண்டிவிட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்பா வீட்டுக்கு வந்து நாணல் நட்டார்.

குழந்தை பிறந்த வீட்டு வாசலில் நாணல் நடுவது எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். நாணலைப் பார்த்தால் வெளியாள் உள்ளே போகமாட்டார். பயணம் போய் வந்தவர்கள், சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள், இவர்களுக்கெல்லாம் கால் சூடு என்று சொல்வோம். கால் சூட்டோடு பிள்ளை பெற்ற அறைக்குள் போகக்கூடாது. ஆண்களும் போகக்கூடாது. இப்போது பாதிப் பேர் ஒரு மாதத்தில் எடுத்துவிடுகிறார்கள், சிலர் நடுவதே இல்லை. அப்பா செப்டம்பர் முதல் தேதி வரை என்று சொல்லிவிட்டார். அவரும் அந்த அறைக்குள் போகவில்லை, ஒருநாள்கூட.

அப்பாவின் அக்கா மாசெலோ அத்தைக்குத்தான் தாங்கவில்லை. அடுத்த தெருவில் இருக்கிறாள். தினமும் வருவாள்.

"டேய் லெபோனா, நாணல் வெச்சா அடங்கிக் கெடக்கணும். நீ என்னடா, சுரங்கத்துல ஷிஃப்ட் போடற மாதிரி ஆள நிறுத்தி வெச்சிருக்க? எனக்கே உள்ள போக அனுமதியில்லயா?"

"அக்கா, நீ போன சனிக்கிழமை எங்க இருந்த?"

"ஃபாகோ வீட்டுச் சாவுல."

"கால் சூடு. போ, வெளிய உக்காரு. கூழ் தர்றேன்."

"சூடாம் சூடு! என் கால் ஐஸ் மாதிரி இருக்கு, தொட்டுப் பாரு!"

அவர் தொட்டுப் பார்க்கவில்லை. ஒரு போர்வையை எடுத்து அவள் காலில் போட்டார்.

இரண்டு கட்டடங்கள் எங்களுக்கு. செங்கல் வீட்டின் பின்னறை மோசாவுக்கும் குழந்தைக்கும். தனியாக நிற்கும் வட்ட வீட்டில் அப்பாவும் என் பிள்ளைகளும் படுத்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பச்சை சோப்பால் முழங்கை வரை கழுவ வேண்டும். சீருடையை வெளிக் கொடியில் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் சோறு. ஒவ்வொருவருக்கும் ஒரு தகரக் குவளை, பிடியில் வேறு வேறு நிறத்தில் மின்கம்பி சுற்றியது. கம்பி என் கருவிப்பெட்டியிலிருந்து எடுத்தது. கேட்காமல் எடுத்தார்.

மூக்கு ஒழுகினால் மலைச்சரிவில் பறித்த லெங்கானா இலைக் கஷாயம். கசப்பு காது வரை ஏறும். ஃப்ளூவுக்கு அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் அளவு எதுவும் இல்லை. குடி என்றார், குடித்தேன்.

கைகுலுக்குவதை நிறுத்தினார். எங்கள் ஊரில் கை கொடுக்காமல் பேச்சைத் தொடங்குவது சண்டைக்குச் சமம். அவர் தொப்பியைத் தூக்கிவிட்டு நின்றார். புசோ என்னிடம் புகார் சொன்னான்.

"அம்மா, சர்ச்சுல எல்லாரும் கேக்கறாங்க. உங்க தாத்தா பணக்காரர் ஆயிட்டாரா, கையே தர மாட்டேங்கிறாருன்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னு சொல்லிட்டேன்."

நாங்கள் இருவரும் உண்மையில் வாதம் செய்தது ஜன்னலைப் பற்றி மட்டும்தான். குளிர் உறைநிலைக்குக் கீழே போகும் மாதங்கள். முற்றத்துக் குழாயில் ஒன்பது மணி வரை தண்ணீர் வராது. அண்டை வீடுகளில் ஜன்னல் இடுக்குக்கெல்லாம் துணி அடைத்து வைத்திருந்தார்கள். அப்பா பின்னறை ஜன்னலை மேலே இரண்டு விரல் அகலம் திறந்தே வைத்தார். பத்து மணிக்கு வெயில் வந்ததும் கால் மணி நேரம் முழுதாகத் திறக்கச் சொல்வார். அந்த நேரம் மோசா குழந்தையைப் போர்வைக்குள் சுருட்டிக்கொள்வாள்.

"குளிர்ல செத்துப்போயிரும்டா அந்தப் பிஞ்சு" என்றாள் அத்தை.

"குளிர்ல யாரும் சாகறதில்லக்கா. அடுத்தவன் விட்ட மூச்சுலதான் சாகறோம். கீழ முப்பது பேர் ஒரே குழில இருந்தோம், எனக்குத் தெரியும்."

என் கருவியைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். நான் உள்ளே போகவில்லை. சுரங்கத்து விடுதியிலிருந்து வருகிறவள், என் கால் எல்லோரையும் விடச் சூடு. மோசா உள்ளிருந்து பிடித்தாள். நான் வெளியே நின்று எண்ணைப் படிக்கச் சொன்னேன். கணக்குப் போட்டேன்.

"ஒரு விரல் போதும்ப்பா."

"உன் மெஷின் ஒண்ணுங்குது, நான் ரெண்டுங்கறேன். இந்த வீட்டுல யாரு சீனியர்?"

இரண்டு விரலாகவே இருந்தது.

தினம் பத்து மணிக்கு அந்த ஜன்னல் திறக்கும்போது அவர் வெளியே நிற்பார், ஆறடி தள்ளி. மோசா குழந்தையின் முகத்தை மட்டும் வெளியே காட்டுவாள். "அவசரக்காரி, இன்னிக்கு என்ன எடை?" என்று கேட்பார். குழந்தை கொட்டாவி விடும். அவர் சிரித்துவிட்டு விறகு பிளக்கப் போய்விடுவார். அவருக்கும் அந்தக் குழந்தைக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

சாவுகள்தான் பெரிய சிக்கல். குளிர்காலத்தில் ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்காவது அடக்கம் இருக்கும். ஒரு வீட்டிலிருந்து ஒருவராவது போகாவிட்டால் நாளை நம் வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். வீட்டுக்காக அப்பாவே எல்லாவற்றுக்கும் போனார். மோசா போகக்கூடாது. பிள்ளைகள் போகக்கூடாது. நான் ஊரில் இருந்தால் நானும் போகக்கூடாது என்றார்.

இடுகாட்டிலிருந்து திரும்பி வந்தால் சாவு வீட்டு வாசலில் கைகழுவ வேண்டும். கற்றாழை வெட்டிப்போட்ட தண்ணீர், ஒரு பெரிய தொட்டியில். சாவின் தீட்டு அதோடு போகவேண்டும் என்பது வழக்கம். இருநூறு பேர் வரிசையாக வந்து அதே தண்ணீரில் கை நனைப்பார்கள். சிலர் ஈரக் கையால் முகத்தையும் துடைத்துக்கொள்வார்கள். சின்ன வயதிலிருந்து நானும் செய்திருக்கிறேன். ஜூலை முதல் வாரம் ஃபாகோ வீட்டு அடக்கம் முடிந்து அப்பா வந்து அதைச் சாதாரணமாகச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.

"அப்பா, வீட்டுல ஆளுக்கொரு குவளை வெச்சிருக்கீங்க. அங்க இருநூறு பேரோட ஒரே தொட்டில கைய விட்டுட்டு வர்றீங்க."

காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"அது சுத்தம் பண்ற தண்ணியாச்சே" என்றார். பிறகு, "இத்தன வருஷமா யோசிக்கலயே."

அடுத்த சனிக்கிழமை சாவு வீட்டுக்கு அவர் முன்னாடியே போனார். கூடவே ஒரு பிளாஸ்டிக் ஜக். அந்த வீட்டுப் பெரியவரிடம் அனுமதி கேட்டு, தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். யாரும் கை நனைக்க வேண்டாம், நீட்டினால் போதும், நான் ஊற்றுகிறேன் என்றார். கற்றாழைத் தண்ணீர்தான். மேலிருந்து ஊற்றினார், கீழே மண்ணில் போனது. அத்தை பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாளாம்.

"ஊருக்கே வேலக்காரன் ஆயிட்டான் என் தம்பி. ஓட்டல்லகூட இப்படி ஊத்த மாட்டாங்க."

"கைய நீட்டுக்கா. முழங்கை வரைக்கும்."

அதற்கடுத்த வாரம் வேறொரு வீட்டில் அவர் கேட்காமலேயே ஜக் வைத்திருந்தார்கள். மோசாதான் எனக்குத் தொலைபேசியில் சொன்னாள். அப்பா சொல்லவில்லை.

இப்போது நான் எழுதவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன்.

ஏப்ரலில் கிளினிக்கில் ஃப்ளூ ஊசி போட்டார்கள். கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் நெஞ்சு நோய் உள்ளவர்களுக்கும். மோசாவை அப்பாதான் கூட்டிப் போனார், அவளுக்குப் போட்டார்கள். தாய்க்குப் போட்டால் வயிற்றில் இருப்பதற்கும் கொஞ்சம் காவல். அவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அன்று அவருக்குக் காய்ச்சல். நர்ஸ் தினேயோ, "லெபோனா ஐயா, காய்ச்சல் விட்டதும் ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, உங்களுக்குத்தான் மொதல்ல வேணும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மே மாதம் நான் கேட்டேன்.

"ஊசி போட்டாச்சாப்பா?"

"ஆச்சு ஆச்சு."

நான் அவருடைய மருத்துவப் புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை. வேலையில், யார் சொன்னாலும் கருவியைப் பார்க்காமல் ஒரு எண்ணையும் எழுதமாட்டேன். ஒருமுறை அப்படி எழுதிய ஒரு பையனை ஒரு வாரம் திட்டியிருக்கிறேன். அப்பா சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

ஏன் போகவில்லை என்பது புரியாமல் இல்லை. குழந்தை முன்னதாக வந்துவிட்டது. அவருடைய கணக்கில் நாணலுக்கு உள்ளே இருப்பவர்களைத்தான் காக்கவேண்டும். அவர் வெளியே நிற்பவர். உள்ளே போகாத ஆளால் உள்ளே எதுவும் போகாது. கணக்கு சரிதான். அதில் அவரைச் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

புகைக்குழாய் சுத்தம் செய்த மறுநாள் நான் வெல்கோம் திரும்பினேன். அடுத்த சனிக்கிழமை அவர் ஒரு அடக்கத்துக்குப் போனார். பக்கத்து ஊர், நிறைந்த வேனில் ஒன்றரை மணி நேரம், குளிருக்காகக் கண்ணாடியெல்லாம் ஏற்றியபடி. ஜக் கொண்டுபோயிருந்தார். செவ்வாய்க்கிழமை உடம்பு வலி. அன்றைக்கே பிள்ளைகளை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வட்ட வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். கூழைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொன்னார். மோசா கேட்டதற்கு, "சாதாரணச் சளி. நீ இந்தப் பக்கம் வந்தா ஒதைப்பேன்" என்றாராம்.

மோசா போன் செய்ய, வியாழன் மதியம் நான் போய்ச் சேர்ந்தேன். கதவைத் திறந்தபோது உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு வரவில்லை. உதடு நீலம். ஜன்னல் இரண்டு விரல் திறந்திருந்தது.

"வாயக் கட்டிட்டு உள்ள வா" என்றார்.

"ஊசி போட்டேன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்." மூச்சு வாங்கினார். "நீ நம்பிட்ட."

சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது.

வண்டியில் ஏற்றும்போது ஒரே கேள்விதான் கேட்டார். "பின்னறையில யாருக்காவது சூடு இருக்கா?" இல்லை என்றேன். காலையில் மோசா அளந்தாள், முப்பத்தாறு புள்ளி எட்டு என்றேன். தலையாட்டினார். மருத்துவமனையில் ஆக்ஸிஜன் வைத்தார்கள், நல்ல மருந்து கொடுத்தார்கள், அவர்கள் பக்கம் குறையில்லை. தூசி பிடித்த நுரையீரலுக்கு அந்தச் சுமை தாங்கவில்லை. திங்கள்கிழமை காலை இறந்துபோனார்.

இப்போது நாணல் நிற்கும் வீட்டுக்கே சாவு வந்துவிட்டது. முந்நூறு பேர் வருவார்கள். வருகிறவர்களில் எத்தனை பேர் இருமுவார்கள்? அந்த வாரம் முழுக்க நான் அழவில்லை, கணக்குப் போட்டேன். கூடாரத்தை வழக்கம்போல வாசல் ஓரமாகப் போடாமல் காற்று போகும் திசை பார்த்து மேற்கு வேலியோரம் போடச் சொன்னேன். பக்கவாட்டுத் துணிகளைக் கட்டவிடவில்லை. சவப்பெட்டியைச் செங்கல் வீட்டுக்குள் கொண்டுவராமல் வட்ட வீட்டில் வைத்தோம். உறவினர்கள் முணுமுணுத்தார்கள். குடும்பத் தலைவரை வெளிவீட்டில் வைப்பதா என்றார் ஒரு சித்தப்பா.

பதில் சொன்னது மாசெலோ அத்தை.

"அவன் ரெண்டு மாசமா அங்கதான்டா படுத்தான். இன்னிக்கு மட்டும் எதுக்கு எடத்த மாத்தறது?"

அடக்கத்தன்று அவள் ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டுபோய் நாணலுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். மடியில் தடி. போர்வையைக் கழுத்து வரை இழுத்து ஊக்குக் குத்தியிருந்தாள். மோசாவைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் என்று வந்த பெண்கள் எல்லோரையும் திருப்பி அனுப்பினாள்.

"அப்பன பறிகொடுத்த பொண்ணும்மா, ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடறேன்" என்றாள் ஒருத்தி.

"ஜன்னல் இருக்கு. ஆறடி தள்ளி நின்னு சொல்லு. கத்தியே சொல்லு, அவளுக்கு அழுறதுக்கு உன் உதவி வேண்டியதில்ல."

சர்ச் பெரியவர் வந்து, குழந்தை தலையில் கைவைத்து ஜெபிக்கவேண்டும் என்றார்.

"கடவுளுக்குக் காது நல்லாக் கேக்கும் ஐயா. இங்கேர்ந்தே ஜெபம் பண்ணுங்க."

அவர் அங்கிருந்தே செய்தார். சுருக்கமாக.

பெட்டியைத் தூக்கியபோது மோசா வெளியே வரவில்லை. ஜன்னலைத் திறந்து நின்றாள், குழந்தை போர்வைக்குள். தூக்கியவர்கள் அந்த ஜன்னலுக்கு நேராக வந்ததும், யாரும் சொல்லாமல், கொஞ்சம் நின்றார்கள். அவள் குழந்தையின் முகத்தை மட்டும் வெளியே காட்டினாள். பிறகு போய்விட்டோம்.

திரும்பி வந்தபோது வாசலில் ஜக்கோடு நின்றவள் கரபோ. யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை என்றாள். முந்நூறு ஜோடிக் கைகளுக்கும் ஊற்றினாள். கடைசியில் என் கைக்கும்.

பதினான்கு நாள் எண்ணினேன். தினம் காலை மோசா வெப்பநிலை சொல்வாள், எழுதிக்கொள்வேன். வெல்கோமில் இருந்தும் எழுதினேன். ஒருநாள் முப்பத்தேழு புள்ளி நான்கு. அன்றைக்கு நான் ஷிஃப்டுக்குப் போகவில்லை, போனைப் பார்த்தபடி விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். மதியம் மறுபடி அளந்தாள். போர்வை அதிகம் சுற்றியிருந்தாள், அதுதான்.

செப்டம்பர் முதல் தேதி அத்தையும் நானும் நாணலைப் பிடுங்கினோம். மோசா குழந்தையோடு வெயிலுக்கு வந்தாள். கிளினிக்கில் நான்கு கிலோ நானூறு என்று எழுதினார்கள். நர்ஸ் தினேயோ எடையை இரண்டு முறை சரிபார்த்தார். அட்டையில் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் "மோசாவின் குழந்தை" என்றுதான் இருந்தது.

அது அப்பா விட்டுவிட்டுப் போன வேலை.

குழந்தைக்குப் பெயர் வைப்பது தகப்பன் வீட்டார் உரிமை. அதற்கு முன் பெண் வீட்டிலிருந்து ஒரு ஆள் போய் முறைப்படி சொல்லவேண்டும். பிறந்தது ஆண் என்றால் போகிறவர் அந்த வீட்டு ஆளைக் குச்சியால் ஒரு அடி போடுவார். பெண் என்றால் சொல்லாமல் கொள்ளாமல் தலையில் தண்ணீர் ஊற்றுவார். அடித்தால் பேரன், நனைந்தால் பேத்தி. அதன் பிறகு அவர்கள் ஒரு வேன் நிறையப் பாட்டுப் பாடிக்கொண்டு குழந்தையைப் பார்க்க வருவார்கள். அந்த வேனுக்குப் பயந்துதான் அப்பா போகவில்லை. சொன்னால் தடுக்கமுடியாது. சொல்லாவிட்டால் அவர்கள் வரமுடியாது.

அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. மோசாவின் கணவன், குழந்தை பிறந்த அன்றே தன் அம்மாவுக்குப் போன் செய்துவிட்டான். ஆனால் போனில் தெரிந்தது தெரிந்ததில் சேராது. அந்த அம்மாவின் பெயர் மாத்தெகோ, மலைக்கணவாய்க்கு அந்தப் பக்கம் வீடு. ஜூலையில் அப்பாவுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினாளாம்: "என் தல காஞ்சு கெடக்குன்னு லெபோனாகிட்ட சொல்லு. இன்னும் எவ்வளவு நாளு நான் குளிக்காம இருக்கறது?" அப்பா பதில் அனுப்பினார்: "குளிர்ல தண்ணி ஊத்தினா சம்பந்திக்குச் சளி பிடிக்கும். வெயில் வரட்டும்."

அடக்கத்துக்கு அவள் வந்திருந்தாள். கூடாரத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நாணல் இருக்கும் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. முறைப்படி அவளுக்கு இன்னும் பேத்தி இல்லை.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை போவதாக அப்பா அத்தையிடம் சொல்லியிருந்தார். காலை முதல் வேனில். தண்ணீரைக் கணவாய் ஊற்றில் பிடித்துக்கொள்வதாக. அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, முதலில் மாடுகளைப் பற்றிப் பேசி, அவள் தேநீர் ஊற்றக் குனியும்போது தலையில் கொட்டிவிடுவேன் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம்.

அந்தச் சனிக்கிழமை போய்விட்டது. அதற்கடுத்ததும். அத்தைக்கு முழங்கால் முடியவில்லை, எனக்கு ஷிஃப்ட். கணவாய்க்கு அந்தப் பக்கம் எங்கள் வீட்டிலிருந்து இன்னும் யாரும் போகவில்லை.